கூரைக் கேரியர் குடிக்கும் பெட்ரோல்: ஸ்விஃப்டில் காற்றுத் தடையை அளந்த கதை

எங்கள் மாருதி ஸ்விஃப்டின் கூரையில் ஒரு இரும்புக் கேரியர் இருந்தது. சாமான் ஏற்ற வேண்டும் என்று மாட்டியது, வருஷத்தில் பெரும்பாலான நாள் காலியாகவே ஊர் சுற்றியது. அது எவ்வளவு பெட்ரோலைத் தின்கிறது என்பதை ஊகமாக இல்லாமல் எண்ணாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். இதற்குக் காற்றுச் சுரங்கம் (காரை நிறுத்திவைத்து அதன்மேல் காற்றை வீசிச் சோதிக்கும் ஆய்வுக்கூடம்) வேண்டியதில்லை. நேரான சமதளச் சாலை, காற்று வீசாத விடியற்காலை, ஜிபிஎஸ் உள்ள போன், உதவிக்கு ஒரு ஆள் இருந்தால் போதும்.

கணக்கின் அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடும் காரைப் பின்னுக்கு இழுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று டயர், பேரிங் முதலியவற்றின் உருளல் தடை. வேகம் கூடினாலும் இது ஏறக்குறைய அப்படியே இருக்கும். இன்னொன்று காற்றுத் தடை. இது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்கு. அதை எதிர்த்து ஓட என்ஜின் தர வேண்டிய பவர் எட்டு மடங்கு, ஏனென்றால் பவர் என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது.

காற்றுத் தடையைத் தீர்மானிப்பவை காற்றின் அடர்த்தி, காரின் முன்பரப்பு, அப்புறம் உருவத்தைப் பொறுத்த இழுவைக் கெழு. கார் விளம்பரங்களில் இந்தக் கெழுவை மட்டும் பெருமையாகப் போடுவார்கள். அது பாதிக் கதைதான். கெழு 0.33 உள்ள ஒரு சின்னக் காரும் அதே கெழு உள்ள ஒரு பெரிய எஸ்யூவியும் காற்றுக்கு ஒன்றல்ல, எஸ்யூவியின் முன்பரப்பு பெரிது. உண்மையில் பெட்ரோலைத் தின்பது கெழுவும் முன்பரப்பும் சேர்ந்த பெருக்கல். சதுர மீட்டரில் வரும் அந்தப் பெருக்கலை இந்தப் பதிவில் 'இழுவைப் பரப்பு' என்று சொல்கிறேன். நான் அளந்தது அதைத்தான்.

முறை எளிது. காரை 80 கிமீக்குச் சற்று மேல் கொண்டுபோய், நியூட்ரலில் போட்டு, தானாக வேகம் குறைய விட வேண்டும். 80-லிருந்து 70-க்கு இறங்க எத்தனை வினாடி, 40-லிருந்து 30-க்கு இறங்க எத்தனை வினாடி என்று குறிக்க வேண்டும். மேல் வேகத்தில் இரண்டு தடைகளும் சேர்ந்து பலமாக இழுக்கும். கீழ் வேகத்தில் பெரும்பங்கு டயருடையது. இரண்டையும் கழித்தால் காற்றின் பங்கு தனியே வந்துவிடும். 1970களில் நாசாவின் டிரைடன் மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மன் குழுவினர் செய்ததும் இதுதான். சைக்கிளில் போகும்போது கடந்துபோகிற லாரிகள் தள்ளிவிடும் காற்றை உணர்ந்து யோசிக்கத் தொடங்கியவர் அவர். ஒரு வேனைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்துக் கூர்முனைகளுள்ள பெட்டியாக்கி, சாலையில் உருளவிட்டு அளந்தார்கள். பிறகு முனைகளை ஒவ்வொன்றாக வளைவாக்கித் திரும்ப அளந்தார்கள். இன்றைய லாரிகளின் கேபின் முனை வளைந்திருப்பதற்குப் பின்னால் அந்த வேனுக்கும் பங்கு உண்டு.

இடமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிக்குத் தெற்கே ஒரு நேர்ப்பகுதியை எடுத்துக்கொண்டேன். தரை தட்டை, விடியலில் வண்டி நடமாட்டம் குறைவு. வெயில் ஏறினால் கடற்காற்று கிளம்பிவிடும் என்பதால் அதற்கு முன்பே முடிக்க வேண்டும். ஒவ்வொரு அளவையும் போகும்போதும் வரும்போதும் எடுத்துச் சராசரி போட்டேன். சாலையின் சின்னச் சரிவு இதில் அடிபட்டுப் போகும். காற்று மட்டும் முழுதாக அடிபடாது. எதிர்க்காற்றில் கூடும் தடை, பின்காற்றில் குறைவதைவிட எப்போதும் அதிகம், வர்க்கக் கணக்கின் விளைவு அது. அதனால்தான் இலை அசையாத நேரம் வேண்டும் என்கிறேன்.

எடை சரியாகத் தெரியாமல் இந்தக் கணக்கு நிற்காது. நானும் உதவிக்கு வந்த மைத்துனரும் உட்கார்ந்தபடியே எடை மேடையில் வண்டியை ஏற்றினோம். 1,100 கிலோ. சுழலும் சக்கரங்களும் தங்களுக்குள் ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும் என்பதால் அதற்காக 4 சதவீதம் கூட்டி 1,144 என்று வைத்துக்கொண்டேன். டயர் சூடாவதற்கு முன் நான்கிலும் 33 பிஎஸ்ஐ. பிறகு எல்லா டயரும் ஒரே நிலைக்கு வர அரை மணி நேரம் ஓட்டிவிட்டே அளவைத் தொடங்கினோம். குளிர்ந்த டயரின் உருளல் தடை அதிகம், அதில் தொடங்கினால் முதல் அளவும் கடைசி அளவும் ஒப்பிட லாயக்கில்லாமல் போகும்.

ஸ்பீடோமீட்டரை நம்ப வேண்டாம். உள்ள வேகத்தைவிடக் கூட்டிக் காட்டும்படிதான் அதை அமைத்திருப்பார்கள். வேகத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்தே எடுத்தேன். வினாடிக்கு ஒரு முறை பதிவாகும் வேகத்தை வரைபடமாக்கி, 80, 70, 40, 30 ஆகியவற்றை அந்தக் கோடு எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் கால் வினாடிக்குள் நேரம் கிடைத்துவிடும். போன் மைத்துனர் கையில், கண் முழுக்கச் சாலையில் என் வேலை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உருளவிடும்போது என்ஜினை அணைக்கவே கூடாது. அணைத்தால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கைவிட்டுவிடும். முன்னாலோ பின்னாலோ வண்டி தெரிந்தால் அந்த ஓட்டத்தை விட்டுவிட வேண்டும்.

கேரியரைக் கழற்றிய நிலையில் 80-லிருந்து 70-க்கு இறங்க சராசரி 10.1 வினாடி. 40-லிருந்து 30-க்கு 17.9 வினாடி. பத்து கிமீ வேகம் என்பது வினாடிக்கு 2.78 மீட்டர். அதை நேரத்தால் வகுத்து எடையால் பெருக்கினால் விசை வரும். 75 கிமீ நடுவேகத்தில் 315 நியூட்டன், 35-இல் 178 நியூட்டன். விடியற்காலைக் கடற்கரைக் காற்றின் அடர்த்தியைக் கனமீட்டருக்கு 1.16 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டால் இழுவைப் பரப்பு 0.70 சதுர மீட்டர். மிச்சமிருக்கும் உருளல் தடை 139 நியூட்டன். காரின் அகல உயரத்திலிருந்து முன்பரப்பு சுமார் 2.1 சதுர மீட்டர் வருகிறது. அப்படியானால் கெழு 0.33. இந்த அளவுள்ள ஹேட்ச்பேக்குக்குப் பொருந்துகிற எண். ஒரு சாலையும் போனும் இவ்வளவு ஒழுங்கான விடையைத் தந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இனி கேரியர். காலிக் கேரியரை மாட்டியதும் 10.1 வினாடி 9.4 ஆனது. கீழ் வேகத்தில் 17.5. இழுவைப் பரப்பு 0.79-க்கும் 0.80-க்கும் இடையில். ஒரு பொருளும் ஏற்றாமல், வெறும் குழாய்களும் குறுக்குக் கம்பிகளும் காற்றுத் தடையைச் சுமார் 14 சதவீதம் கூட்டியிருக்கின்றன. உருண்டைக் கம்பியின் பின்னால் காற்று ஒட்டி வராமல் சுழன்று பிரிந்துவிடுகிறது. தவிர, கூரைக்கு மேலே போகும் காற்று காரின் வேகத்தைவிட வேகமாகவே போகும். கம்பி மெல்லியதுதானே என்று விட முடியாமல் போவது இதனால்தான்.

அடுத்தது சுமையோடு. எடை மாறினால் ஒப்பீடு கெட்டுவிடும் என்பதால் காலி அட்டைப்பெட்டிகள் மூன்றை எடுத்து, குறுக்காக வைத்து, தார்ப்பாய் போர்த்தி இறுக்கிக் கட்டினோம். முன்னால் இருந்து பார்க்க 90 செமீ அகலம், 35 செமீ உயரம். 80-லிருந்து 70-க்கு 8.3 வினாடியில் இறங்கிவிட்டது. இழுவைப் பரப்பு 0.97. ஒன்றும் ஏற்றாத காரைவிட 39 சதவீதம் அதிகம்! எடை ஏறக்குறைய அதேதான், உருளல் தடையும் கணக்கில் மாறாமல் 140-ஐ ஒட்டியே வந்தது. முழு வித்தியாசமும் காற்றுடையது.

அதே பெட்டிகளைக் குறுக்கே வைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக, காரின் நீளவாக்கில் அடுக்கிப் பார்த்தோம். அகலம் 45 செமீ ஆகிவிட்டது. இழுவைப் பரப்பு 0.86-க்கு இறங்கியது. கைக்காசு செலவில்லாமல் அடுக்கும் விதத்திலேயே இவ்வளவு மிச்சம். குறுக்காக அடுக்கியதற்கு முன்னால் சன்பேக் ஷீட்டை வளைத்துச் சாய்வான மூக்கு ஒன்றும் செய்து பார்த்தேன். பேனர் அடிக்கிறவர்களிடம் கிடைக்கும் அந்த உள்ளே நெளிவுள்ள பிளாஸ்டிக் ஷீட் இந்த மாதிரி வேலைக்கு அருமையான பொருள், வெட்டவும் மடிக்கவும் கத்தி ஒன்று போதும். மூக்கு வைத்ததில் 0.97 குறைந்து 0.92 ஆனது. மூக்கு செய்யச் செலவழித்த உழைப்புக்கு, பெட்டியைத் திருப்பி வைத்ததே மேல்.

இதெல்லாம் தடைக் கணக்கு. பெட்ரோலில் எவ்வளவு? டேங்க் நிரப்பி, ஓட்டி, அதே பெட்ரோல் பங்க்கில் அதே பம்பில் திரும்ப நிரப்பும் பழைய முறையில் பார்த்தேன். நாசில் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும், ரவுண்டாக்க மேலே ஊற்றக் கூடாது. ஏசி இல்லாமல் 80 கிமீ சீரான வேகத்தில், கேரியர் இல்லாமல் லிட்டருக்கு 21.4 கிமீ. காலிக் கேரியரோடு 20.2. குறுக்குப் பெட்டிகளோடு 18. காற்றுத் தடை கூடிய அளவுக்கு மைலேஜ் விழவில்லை, அதற்குக் காரணம் உண்டு. மொத்தத் தடையில் காற்று ஒரு பங்குதான், உருளல் தடை மாறவில்லை. தவிர, பெட்ரோல் என்ஜின் லேசான சுமையில் திறமை குறைந்து ஓடும். சுமை கூடும்போது அதன் திறமை கொஞ்சம் ஏறுவதால் இழப்பில் ஒரு பகுதியை அதுவே ஈடுகட்டிவிடுகிறது.

வேகம் என்ன செய்கிறது என்பதையும் இதே எண்களிலிருந்து எடுக்கலாம். என் காரில் காற்றுத் தடையும் உருளல் தடையும் சமமாவது 65 கிமீயை ஒட்டி. அதற்கு மேல் காற்றின் ராஜ்ஜியம்தான். சீராக 80-இல் ஓட சக்கரத்தில் தேவைப்படுவது 7.5 கிலோவாட். 100-இல் 12.6. 120-இல் 19.7. எண்பதிலிருந்து நூற்றிருபதுக்குப் போக வேகம் ஒன்றரை மடங்கு, பவர் இரண்டரை மடங்குக்கு மேல்.

சென்னையிலிருந்து திருச்சிக்கு 330 கிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். சுங்கச்சாவடி, டீக்கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 80-க்குப் பதில் 100-இல் போனால் ஐம்பது நிமிடம் மிச்சம். 100 கிமீ சீரான வேகத்தில் எனக்குக் கிடைத்த மைலேஜ் 17. அதாவது அந்த ஐம்பது நிமிடத்துக்கு நான்கு லிட்டர் பெட்ரோல் கூடுதல். அவசரம் என்றால் கொடுக்கலாம். கேரியரை மாட்டிக்கொண்டு அதே அவசரத்தைக் காட்டுவதுதான் எனக்கு மனம் ஒப்பாதது.

காற்றை எதிர்க்கும் பவர் வேகத்தின் மும்மடியில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும் இந்தக் கணக்கு உச்ச வேகத்தில் இன்னும் கடுமை. புகாட்டி வேய்ரான் 2005-இல் 1,001 குதிரைத்திறனோடு வந்து 407 கிமீ வேகம் காட்டியது. 2010-இல் வந்த சூப்பர் ஸ்போர்ட் வகை 1,200 குதிரைத்திறனில் 431 கிமீ போனது. ஒரு முழு செடான் கார் ஓடும் அளவைவிட அதிகமான பவரைக் கூட்டியும் கிடைத்தது 24 கிமீ. 431-ஐ 407-ஆல் வகுத்து மும்மடி எடுத்துப் பாருங்கள், 1.19 வரும். 1,200-ஐ 1,001-ஆல் வகுத்தால் 1.20. உலகின் விலையுயர்ந்த கார்களில் ஒன்றும் இந்த விதியிலிருந்து தப்பவில்லை.

எதிர்த்திசையில் போனவர்களும் இருக்கிறார்கள். மெர்சிடிஸின் விஷன் ஈக்யூஎக்ஸ்எக்ஸ் என்ற சோதனைக் கார் 0.17 என்ற கெழுவோடு 2022-இல் ஜெர்மனியிலிருந்து தெற்கு பிரான்ஸ் வரை ஒரே சார்ஜில் ஆயிரம் கிமீக்கு மேல் ஓடியது. பேட்டரி 100 கிலோவாட்-மணிக்கும் சற்றுக் குறைவு. இது புது ஞானமும் அல்ல. எட்மண்ட் ரும்ப்ளர் 1921-இல் பெர்லினில் காட்சிக்கு வைத்த நீர்த்துளி வடிவக் காரை 1979-இல் ஃபோக்ஸ்வாகனின் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தபோது கெழு 0.28 வந்தது. என் கார் அதற்குத் தொண்ணூறு ஆண்டு பிந்தியது, அதைவிட மோசம்!

ஏன் மோசம் என்பதைக் கண்ணால் பார்க்க நூல் சோதனை செய்தோம். உல்லன் நூலை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, மாஸ்கிங் டேப்பால் பானெட் முனை, கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண், கூரையின் பின்விளிம்பு, பின்கண்ணாடி, பின்சக்கரத்துக்குப் பின்னால் என்று வரிசையாக ஒட்டினோம். பக்கத்து லேனில் ஒரு நண்பர் காரை ஓட்ட, அவர் பக்கத்தில் இருந்தவர் வீடியோ எடுத்தார். காற்று உடம்போடு ஒட்டிப் போகும் இடத்தில் நூல் படிந்து பின்னோக்கி நேராக நிற்கும். காற்று பிரிந்துபோன இடத்தில் நூல் துள்ளும், சுற்றும், சில சமயம் முன்னோக்கியே திரும்பும்.

முன்பக்கம் எல்லாம் ஒழுங்கு. பானெட், பம்பரின் வளைவு, கூரை முழுவதும் நூல்கள் வாரிவிட்ட மாதிரி படிந்திருந்தன. சைடு மிரருக்குப் பின்னால் மட்டும் ஒரு கலவரம். ஆனால் பின்கண்ணாடிக்கு வந்ததும் கதை முற்றிலும் வேறு. கூரை விளிம்பைத் தாண்டிய காற்று கண்ணாடியோடு இறங்கவில்லை. அப்படியே பிரிந்துபோய், கண்ணாடியில் ஒட்டிய நூல்களில் பாதி மேல்நோக்கி எழுந்து நின்றன. காற்றியக்க ஆய்வாளர் எஸ். ஆர். அகமது 1984-இல் காரின் எளிமையான மாதிரி உருவம் ஒன்றை வைத்துக் காட்டியது இதைத்தான். பின்சாய்வு 30 பாகையைத் தாண்டினால் காற்று சாய்வோடு ஒட்டாமல் மொத்தமாகப் பிரிந்துவிடும். பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகி, காரை அதுவே பின்னுக்கு உறிஞ்சும். காரைப் பின்னிழுப்பதில் பெரும்பங்கு இந்தப் பின்புறத்துடையது. முன்பக்கம் கூராக இருந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று நினைப்பவர்கள் ஒரு முறை இந்த நூல்களைப் பார்க்க வேண்டும். ஹேட்ச்பேக்கில் பின்கண்ணாடிக்கு வைப்பர் கொடுப்பதும் இதே காரணத்தால்தான். சக்கரம் கிளப்பும் சேறும் தூசியும் அந்தச் சுழலில் ஏறி வந்து கண்ணாடியிலேயே படிகின்றன.

இதைப் பார்த்த பிறகு, கடைகளில் விற்கும் பெரிய ரெக்கை ஸ்பாய்லர்களைப் பற்றி என் தீர்ப்பு உறுதி. கூரையின் கோட்டை அதே சாய்வில் சற்று நீட்டி முடிக்கும் சின்ன ஸ்பாய்லர் ஹேட்ச்பேக்குக்கு நல்லது, காற்று பிரியும் இடத்தை ஒழுங்காக்கும். காலூன்றி மேலே நிற்கும் ரெக்கை பந்தயக் காருக்குத் தரையோடு அழுத்தம் கொடுப்பதற்கானது. நம் சாலையில் அது இன்னொரு கேரியர்தான்.

காரின் அடியில் ஒரு ரிப்பேரும் பாக்கி இருந்தது. என்ஜினுக்குக் கீழே முன்பம்பரோடு சேரும் பிளாஸ்டிக் அண்டர் கவர் எப்போதோ வேகத்தடையில் உரசிக் கிழிந்து போயிருந்தது. புதியது வாங்கி, அதற்கான பிளாஸ்டிக் கிளிப்புகளையும் புதிதாகப் போட்டேன். பழைய கிளிப்பைத் திரும்ப அடித்தால் சீக்கிரமே ஒரு மூலை தொங்க ஆரம்பித்துவிடும். சைலன்சர் குழாய் பக்கம் எதையும் நீட்டி மூடக் கூடாது, சூட்டில் உருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. அளந்து பார்த்ததில் இழுவைப் பரப்பு 0.68-க்கும் 0.70-க்கும் இடையில் வந்தது. என் அளவுகளின் இயல்பான சிதறலே அவ்வளவு இருக்கும் என்பதால் இதை லாபம் என்று எழுத மாட்டேன். மழையில் என்ஜின் அறைக்குள் சேறு அடிப்பது நின்றது, அது நிச்சயம். முன்கிரில்லை அடைத்தால் தடை குறையும் என்று குளிர்நாடுகளில் பலர் செய்கிறார்கள். நம் வெயிலில் ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் அந்தக் காற்றை நம்பித்தான் இருக்கின்றன. அதனால் அதை நான் தொடவில்லை.

கடைசியாக ஜன்னல். நான்கு கண்ணாடியையும் முழுதாக இறக்கி உருளவிட்டபோது 9.7 வினாடி, இழுவைப் பரப்பு 0.75. நெடுஞ்சாலையில் ஜன்னலைத் திறப்பதைவிட ஏசி போடுவதே சிக்கனம் என்று அடிக்கடி கேட்டிருக்கிறேன். 80 கிமீ வேகத்தில் திறந்த ஜன்னல் என் காரிடம் கூடுதலாகக் கேட்பது கிலோவாட்டில் மூன்றில் ஒரு பங்கு. 100-இல் கூட அரை கிலோவாட்டைச் சற்றே தாண்டும். மதிய வெயிலில் ஏசி கம்ப்ரஸர் என்ஜினிடமிருந்து ஒன்றிரண்டு கிலோவாட் வாங்கும். ஆக, இந்தக் காரில், நாம் ஓட்டுகிற வேகங்களில், ஜன்னல்தான் மலிவு. காலையிலும் சாயங்காலமும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறேன், உச்சி வெயிலில் ஏசி போட்டுக்கொள்கிறேன். கேரியர் கழற்றி வைத்தபடியே இருக்கிறது. அதன் நான்கு கிளாம்ப் போல்ட்டுகளுக்கும் கிரீஸ் தடவி வைத்திருப்பதால், தேவைப்படும்போது ஆலன் கீயால் கால் மணி நேரத்தில் மாட்டிவிடலாம். மாட்டிய பிறகு ஐம்பது கிமீ ஓடியதும் நிறுத்தி, நான்கையும் மறுபடி ஒரு முறை முறுக்கிப் பார்த்துவிட வேண்டும்.